நடையா, ஓட்டமா, சைக்கிளா? முதலில் மணியைப் பாருங்கள்

போன மாதம் கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலில் எங்கள் வரிசை வீட்டு அக்கா. 52 வயது, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் உண்டு. "கிளினிக்குக்குப் போறப்பெல்லாம் உடற்பயிற்சி செய்யுங்கன்னு சொல்றாங்க சார். எதைச் செய்யறதுன்னுதான் தெரியலை" என்றார். அடுத்து செம்பனைக் குலை லோரி ஓட்டும் தம்பி. 29 வயது. பள்ளியில் என்னிடம் ஓடிப் பழகியவன், இப்போது குனிந்து செருப்பு மாட்டினாலே மூச்சு வாங்குகிறது. மூன்றாவது என் தாய்மாமா. தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், 66 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன.

நடப்பதா, ஓடுவதா, சைக்கிளா, கயிறு தாண்டுவதா, ஜிம்மா? தமிழ்ப்பள்ளியில் 20 ஆண்டுக்கு மேல் உடற்கல்வி எடுத்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மூவருக்கும் மூன்று பதில் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: எந்த உடற்பயிற்சி என்று கேட்பதற்கு முன்னால், உங்களால் எந்த மணிக்கு முடியும்?

## நம் ஊர் மணி

அதிகாலை 5.30-க்கு எழுந்து ஓடுங்கள் என்று கைப்பேசியில் வரும் ஆலோசனைகள் சொல்கின்றன. அதைச் சொல்பவர்களின் ஊரில் அப்போது வெளுத்திருக்கலாம். எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வெளுக்காது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்றிலிருந்து நமக்குச் சூரியன் எழுவது ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான். அதற்குள் பள்ளிப் பேருந்து போய்விடும், தொழிற்சாலை வேனும் போய்விடும். 5.30 என்பது இங்கே நல்ல இருட்டு. தோட்டச் சாலையில் விளக்குக் கம்பம் கிடையாது. நாய்கள் உண்டு, முதல் லோரிகளும் ஓடத் தொடங்கியிருக்கும்.

காலை 10-லிருந்து மாலை 4 வரை வெயில். 4-க்கு மேல் மழை, அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு வரும். இரவு 8.30-க்கு மேல் சாப்பாடு முடிந்து, தாமான் (குடியிருப்பு) தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நேரம். இப்படிப் பார்த்தால் வேலைக்குப் போகிற ஒருவருக்குக் கையில் இருப்பது இரண்டு மூன்று இடைவெளிகள்தான். அந்த இடைவெளிக்குள் அடங்காத உடற்பயிற்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும். பள்ளியில் ஆசிரியர்களுக்கென்று தொடங்கிய எத்தனையோ குழுக்கள் அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். உடற்பயிற்சி என்ற சொல்லையே அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இருட்டோடு எழுந்து, ஏற்ற இறக்கத்தில் ஒரு நாளைக்கு 400, 500 மரம் சுற்றி, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். இனிப்பு நீர் அவருக்கு வந்தது தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு. நடை நின்றது, சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்தது. 2019-இல் நாடு முழுவதும் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். அதனால் கீழே எழுதுவதில் எடை குறைப்பதைவிட சர்க்கரையையும் இதயத்தையும்தான் முன்னால் வைத்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

மணி முதல் அளவுகோல். அதைச் சொல்லியாயிற்று.

இரண்டாவது, மூட்டும் எடையும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடையில் அது எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். சைக்கிளில் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது.

மூன்றாவது, மாத்திரை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு மிகவும் கவலையாக இருப்பதும் இதுதான். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வெறும் வயிற்றில் கடுமையாக ஓடினால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பையே மெதுவாக்குபவை. அவற்றைச் சாப்பிடுபவர்கள் "220-இல் வயதைக் கழி" என்ற உச்சத் துடிப்புக் கணக்கையோ கைக்கடிகாரம் காட்டும் துடிப்பையோ நம்பி வேகத்தைக் கூட்டக்கூடாது.

நான்காவது, கண்ணில் படாத செலவு. காலணி, பெட்ரோல், பயண நேரம், காயம் பட்டால் போகும் வேலை நாள் எல்லாம் இதில் சேரும்.

ஐந்தாவது, துணை. நம் ஊரில் ஒரு பெண் இருட்டில் தனியாக நடக்கலாமா என்பது கூச்சம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

சரி, எவ்வளவு செய்தால் போதும்? உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் அது மிதம். நாலு சொல்லுக்கு மேல் மூச்சு விடாமல் பேச முடியவில்லை என்றால் கடுமை. முன்பெல்லாம் ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டுபவர்களுக்கும் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கும் இது நல்ல செய்தி, கீழே திரும்ப வருகிறேன்.

## ஒரே பார்வையில்

கலோரிக் கணக்கு 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 நிமிடம் செய்தால் ஆகும் தோராயம்.

| வகை | கலோரி | மூட்டுக்குச் சுமை | பொருந்தும் மணி | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| வேக நடை, மணிக்கு 5 கி.மீ. | 120 | குறைவு | இரவுச் சாப்பாட்டுக்குப் பின் | நேரம் |
| மெதுவோட்டம், மணிக்கு 8 கி.மீ. | 290 | அதிகம் | சனி, ஞாயிறு 7.30-க்கு மேல் | காலணி, காயம் |
| சைக்கிள், மணிக்கு 16 முதல் 19 கி.மீ. | 240 | மிகக் குறைவு | வெளிச்சத்தில் மட்டும் | சாலை ஆபத்து, டயர் |
| கயிறு தாண்டுதல் | 410 | அதிகம் | எப்போதும், கூரைக்குக் கீழே | கெண்டைக்கால், சிறுநீர்ப்பை |
| பூப்பந்து, பொழுதுபோக்காக | 190 | நடுத்தரம் | இரவு, மண்டபத்தில் | கணுக்கால் |

இந்தக் கலோரி வரிசையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கறி இல்லாமல் ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. அரை மணி ஓட்டம் ஒரு ரொட்டியோடு சரியாகிவிடும். அதோடு, கயிறு தாண்டுவதற்கு 410 என்று போட்டிருந்தாலும் 30 நிமிடம் நிற்காமல் தாண்டுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

## நடை

நடை வயதானவர்களுக்குத்தான் என்று என் பழைய மாணவர்கள் நினைக்கிறார்கள். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கியவர் நம் ஜி. சரவணன். நடை எவ்வளவு கடுமையான விளையாட்டாகவும் ஆகும் என்பதை வகுப்பில் சொல்ல அவர் பெயரைத்தான் எடுப்பேன்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நடையின் பெரிய பலம் அதன் நேரம்தான். சாப்பிட்ட ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறுகிறது. அந்த ஏற்றத்தின்போது தொடைத் தசைகள் வேலை செய்தால், இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து நேராகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இரவில் சோறு சாப்பிட்டு அரை மணிக்குள் 15 நிமிடம் நடப்பதற்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். சாப்பிட்டவுடன் கடுமையாக ஓட முடியாது, கயிறு தாண்ட முடியாது. நடக்க முடியும்.

கணக்கும் எளிது. தினமும் இரவில் 15 நிமிடம் நடந்தால் வாரத்துக்கு 105. ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் வந்த பிறகு 45 நிமிடம் நடந்தால் 150 வந்துவிடும்.

ஆனால் வேகம் வேண்டும். நிமிடத்துக்கு 100 காலடி என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலோருக்கு அதுதான் மிதமான உழைப்பின் தொடக்கம். தாமான் பெண்கள் கூட்டமாகப் போகும் நடையை நான் பார்க்கிறேன். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு நிமிடம் நிற்கிறார்கள். துணை இருப்பது நல்லது, அதை விடவேண்டாம். போகும்போது வேகம், திரும்பும்போது பேச்சு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நடக்கும்.

நடைக்குச் செலவே இல்லை என்பது உண்மை இல்லை. இனிப்பு நீர் நாள்பட்டவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிலிப்பரோடு நடந்து, கல் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகி, அது விரலை எடுப்பதில் முடிந்த வீடுகள் நம் தாமானிலேயே இருக்கின்றன. மூடிய காலணி, பருத்திக் காலுறை, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, இந்த மூன்றும் நடையின் விலை. நாய் வந்தால் ஓடாதீர்கள், நின்று குடையையோ குச்சியையோ முன்னால் நீட்டுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு பழகிவிடும், பிறகு அதே நடை மூச்சு வாங்க வைக்காது. அப்போது ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் ஒரு நிமிடம் முடிந்த அளவு வேகமாக நடங்கள், அல்லது ஏற்றம் உள்ள தெருவைத் தேர்ந்தெடுங்கள்.

## மெதுவோட்டம்

நேரம் இல்லாதவர்களுக்கு ஓட்டம்தான் கணக்குக்குச் சரியானது. நடையில் 150 நிமிடம் வேண்டியதை ஓட்டம் 75 நிமிடத்தில் முடித்துவிடும். வாரத்துக்கு மூன்று தடவை 25 நிமிடம் போதும். இதய வலிமையும் நடையைவிட வேகமாகக் கூடும்.

என் கதையைச் சொல்கிறேன். 45 வயதில், பள்ளியில் பிள்ளைகளோடு ஓடுபவன்தானே என்ற நம்பிக்கையில், தினமும் 5 கிலோமீட்டர் என்று எடுத்த எடுப்பில் தொடங்கினேன். காலில் பழைய துணிக் காலணி. நான்காவது வாரம் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குதிகாலைத் தரையில் வைத்தால் ஊசி குத்துவதுபோல் வலித்தது. பாதத்தின் அடியில் உள்ள தசைநார் அழற்சி. சரியாக ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. எனக்கு ஆகாத விலை அது.

பிற்பாடு கற்றுக்கொண்ட வழி இதுதான். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டலாம். கனத்த உடம்பு என்றால் முதல் இரண்டு மாதம் வேக நடை, அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

ஓட்டக் காலணிக்கு 150 முதல் 300 வெள்ளி (ரிங்கிட்) வரை எடுத்துவைக்க வேண்டும். ஒரு ஜோடி ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். வாரம் 15 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 780 ஆகிறது, ஆக ஆண்டுக்கு ஒரு ஜோடி. மேல்துணி கிழியாமல் இருக்கலாம், ஆனால் உள்ளே உள்ள மெத்தை செத்திருக்கும்.

எங்கே ஓடுவது? பள்ளித் திடலின் புல்தரை தார்ச்சாலையைவிட மென்மையானது, லோரியும் வராது. மழைக்குப் பிறகு வழுக்கும் இடங்களைப் பகலிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். லிந்தாங் சாலைப் பக்கம் ஓடுபவர்கள் வாகனத்துக்கு எதிர்த்திசையில், வெளிர் நிறச் சட்டையோடு ஓடுங்கள். இடி கேட்டால் திடலை விட்டு வெளியேறுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப இறங்க வேண்டும்.

40-ஐத் தாண்டியவர்கள், இனிப்பு நீரோ கொதிப்போ உள்ளவர்கள், ஓடத் தொடங்குவதற்கு முன் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே நின்று 999-க்கு அழைக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களில் இரண்டு பேரின் கருமக்கிரியைக்கு நான் போயிருக்கிறேன்.

## சைக்கிள்

ஒரு காலத்தில் தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே ஓடியது சைக்கிள்தான். இப்போது பக்கத்துக் கடைக்குத் தேங்காய் வாங்கவும் மோட்டார். முட்டி தேய்ந்தவர்களுக்கும் எடை கூடியவர்களுக்கும் இதைப்போல் நல்ல வழி வேறில்லை என்று நினைக்கிறேன். மூச்சு வாங்கும், தொடை உழைக்கும், முட்டியில் குத்தல் இருக்காது.

ஒரே நிபந்தனை, இருக்கையின் உயரம். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். நம் ஊரில் பாதிப்பேர் பிள்ளையின் சைக்கிளில் தாழ உட்கார்ந்து மிதிக்கிறார்கள், அப்புறம் சைக்கிளால் முட்டி வலி வந்தது என்கிறார்கள்.

வெளியில் ஓட்டுவதில் சிக்கல்கள் அதிகம். செம்பனை மட்டையின் முள் டயரைச் சுலபமாகக் குத்திவிடும், அதனால் உதிரி டியூபும் காற்றுப் பம்பும் கூடவே வேண்டும். குலை ஏற்றிய லோரி கடக்கும்போது காற்றே சைக்கிளைத் தள்ளும். தலைக்கவசமும் பின் விளக்கும் இல்லாமல் பெரிய சாலையில் ஏறவே வேண்டாம். இருட்டில், எத்தனை விளக்கு மாட்டியிருந்தாலும், தோட்டச் சாலைக்கு நான் யாரையும் அனுப்பமாட்டேன்.

வீட்டுக்குள் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. யாரோ வாங்கித் துணி காயப்போட்டு வைத்திருப்பது பழைய விலைக்குக் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். மழை, இருட்டு, புகைமூட்டம் எதுவும் தடுக்காது. 2015-லும் 2019-லும் புகைமூட்டத்தால் பள்ளிகளையே மூடிய நாட்கள் இருந்தன. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியில் ஓடுவதும் சைக்கிள் ஓட்டுவதும் நிற்க வேண்டும். அப்போது வீட்டுச் சைக்கிள்தான் கை கொடுக்கும்.

சைக்கிள் எலும்புக்கு உதவாது. எடையைத் தாங்கும்போதுதான் எலும்பு வலுப்பெறும். மாதவிடாய் நின்ற பெண்கள் சைக்கிளை மட்டும் நம்பாமல் நடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## கயிறு தாண்டுதல்

15 வெள்ளிக் கயிறு, ஒரு கார் போர்ச், 10 நிமிடம். நேரம் மிகக் குறைவாக உள்ள இளைஞர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. 30 வினாடி தாண்டி 30 வினாடி நில்லுங்கள், பத்துத் தடவை போதும். காலணி அணியுங்கள். வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் தாண்டினால் கெண்டைக்காலும் முன்காலும் முதல் வாரமே பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடியில் இருந்தால் கீழ்வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பெண்கள் வெளியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு பலருக்குத் தாண்டும்போது சிறுநீர் கசியும். வெட்கப்பட்டு உடற்பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். இடுப்புத்தளத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகள் உண்டு, கிளினிக்கில் தாதியிடம் கேட்கலாம். அதுவரை கயிற்றை வைத்துவிட்டு நடங்கள். எதுவும் கெட்டுப்போகாது.

## பூப்பந்தும் ஃபுட்சாலும்

இவற்றில் மகிழ்ச்சி அதிகம், கூட்டாளிகள் கூப்பிடுவதால் விடுபடுவதும் குறைவு. மண்டப வாடகையை நாலு பேர் பகிர்ந்தால் கனக்காது. ஆனால் ஆறு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு ஏழாம் நாள் இரவு மட்டும் ஃபுட்சாலில் பாய்வது 40 வயது உடம்புக்கு ஆபத்து. பழக்கம் இல்லாத உடம்பைத் திடீரென்று உச்சத்துக்குத் தள்ளும்போதுதான் குதிகால் தசைநார் அறுவதும் மாரடைப்பு வருவதும் கூடுகின்றன. வாரத்தில் மூன்று நாளாவது நடந்துகொண்டு, அதற்குமேல் விளையாடுங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் முதல் பந்தை அடிக்காதீர்கள்.

## சூம்பா, ஜிம், நீச்சல்

தாமான் மண்டபங்களில் மாலையில் நடக்கும் சூம்பாவும் ஞாயிறு காலைச் செனாம்ரோபிக்கும் (இசைக்கேற்பச் செய்யும் கூட்டு உடற்பயிற்சி) பெண்களுக்கு மிகவும் பொருந்துகின்றன. துணை உண்டு, கூரை உண்டு, விளக்கு உண்டு. நேரம் குறிப்பிட்டது என்பதால் ஷிப்ட் மாறும் வாரத்தில் விட்டுப்போகும், அவ்வளவுதான் குறை. முட்டி வலி இருந்தால் குதிப்பதற்குப் பதில் அதே தாளத்துக்குக் கால் மாற்றி வையுங்கள்.

ஜிம்முக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் 100 வெள்ளி என்று வையுங்கள். வாரம் நான்கு தடவை போனால் ஒரு தடவைக்கு ஆறு வெள்ளி சொச்சம். வாரம் ஒரு தடவை போனால் 25 வெள்ளி. ஓராண்டு ஒப்பந்தம் என்றால், கையெழுத்துப் போடும் முன் எப்படி வெளியேறுவது என்று கேளுங்கள். டிரெட்மில் இருட்டுக்கும் புகைமூட்டத்துக்கும் நல்ல பதில், எடை தூக்கவும் வசதி. வீட்டிலிருந்து 15 நிமிடத்துக்குமேல் தூரம் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

நீச்சல் மூட்டுக்கு மிக நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் நீந்துபவர்கள் ஈப்போவுக்குப் போகிறார்கள், ஒருவழிக்கே 30 கிலோமீட்டர் அளவு. முட்டிக்குச் சிகிச்சை எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குத் தினசரி வழியாக இதை நான் சொல்லமாட்டேன்.

## அந்த மூவருக்கும் சொன்னது

தம்பி விடியும் முன் கிளம்பி மாலை 6-க்கு வருகிறான். போர்ச்சில் வாரம் மூன்று நாள் கயிறு, பத்து நிமிடம். சனிக்கிழமை 7.30-க்குத் திடலில் ஓட்டமும் நடையும் கலந்து 24 நிமிடம். அதோடு, ஆலையில் குலை இறக்க லோரிகள் வரிசையில் நிற்கும்போது அவன் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கும் நேரம் இருக்கிறதே, அதில் வண்டிகள் திரும்பாத ஓரமாக ஐந்து ஐந்து நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னேன். புதிய வழிகாட்டியின்படி அந்த ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

மாமாவுக்கு வீட்டுச் சைக்கிள். தமிழ்ச் செய்தி தொடங்கும்போது ஏறினால் செய்தி முடியும்போது இறங்கலாம். அவர் பிசோப்ரோலால் சாப்பிடுகிறார், அதனால் துடிப்பைப் பார்க்க வேண்டாம், அத்தையோடு பேசிக்கொண்டே மிதிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள் என்றேன். வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும். தொடை வலுத்தால்தான் முட்டி தாங்கும்.

அக்காவுக்குத்தான் நேரம் எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவர் கிளிக்லசைட் சாப்பிடுகிறார், ஷிப்டும் மாறுகிறது. பகல் ஷிப்ட் வாரத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம், மகளோடு, தெரு விளக்கு இருக்கும் பக்கம் மட்டும். இரவு ஷிப்ட் வாரத்தில் காலையில் வேன் திரும்பும்போது வீட்டு வாசல் வரை வராமல் முன் சந்தியில் இறங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் வெளிச்சம் வந்திருக்கும், அங்கிருந்து வீடு பத்து நிமிட நடை. இறங்கும் முன் இரண்டு பிஸ்கட், ஏனென்றால் அந்த நேரத்தில் வயிறு காலி. சர்க்கரையைச் சோதித்து 5 mmol/L-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் நடை. நடுங்கினாலோ படபடத்தாலோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி சோதிக்க வேண்டும். 4-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் குடிக்க வேண்டும். பையில் எப்போதும் மூன்று நான்கு மிட்டாய் இருக்கட்டும் என்றும் எழுதினேன்.

போன வாரம் இரவு வேலை முடிந்து வந்தவரை முன் சந்தியில் பார்த்தேன். மூடிய காலணி போட்டிருந்தார். "மகளோட பழைய பள்ளிக் காலணி சார், அளவு சரியா இருக்கு" என்றார். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். குதிகால் பக்கம் தையல் பிரிந்து முட்டிக்கொண்டிருந்தது. அன்று மாலையே பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புதிது வாங்கிவிட்டார்.